தாயா, குட்டியா

என் வீட்டுக்காரர் முத்லக்குக்கு எங்கள் கூடாரங்களில் ஒரு பட்டப்பெயர் உண்டு: 'ஹத்பாவின் மாப்பிள்ளை'. ஹத்பா என்பது எங்கள் பெண் குதிரை. இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் சொல்கிறவர்கள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் நெற்றி அகலமா குறுகலா என்று இவர் கவனித்தது கிடையாது. ஹத்பாவின் நெற்றியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வந்த விருந்தாளிக்குக் காபி ஆறிவிடும். பிறகு மூக்குத் துளை, கண், ஓடும்போது வாலைத் தூக்கிக்கொண்டு போகிற தோரணை. அத்தனையும் முடிவதற்குள் நான் ரொட்டி சுட்டு, ஆட்டைக் கறந்து, சண்டைக்கும் தயாராகிவிடுவேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் மிஸ்னா பிறந்த அன்றைக்கு ஓடையில் வெள்ளம். எந்த வண்டியும் தாண்ட முடியாது. பிரசவ வலியோடு இருந்த என்னை ஆஸ்பத்திரி வரைக்கும் சுமந்து போனவள் ஹத்பாதான். நிறைகுடம் தலையில் வைத்தவள் மாதிரி ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்தாள். அதற்கு முந்தின வாரம்தான் பந்தயத்தில் எல்லாக் குதிரைகளுக்கும் புழுதியைக் காட்டியிருந்தாள். ஓடத் தெரிந்தவளுக்கு எப்போது ஓடக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது. இவருக்கு இன்றுவரை அது தெரியாது.

ஹத்பா எங்களிடம் பிறந்தவள் இல்லை. கருங்கல் வெளிக்கு அந்தப் பக்கம் இருக்கிற உகாப் என்பவரின் கூடாரத்தில் பிறந்து வளர்ந்தவள். மழை பொய்த்த ஒரு வருஷம் குதிரைக்குப் பால் கொடுக்கும் அவருடைய ஒட்டகங்களுக்கு மடி வற்றியது, வாற்கோதுமையும் தீர்ந்தது. எங்கள் கிணற்றில் தண்ணீர் இருந்தது. எலும்பு தெரிகிற குதிரையை நடத்திக்கொண்டு வந்து எங்களிடம் ஒப்படைத்தார். இந்த மாதிரிக் குதிரையை நாங்கள் யாரும் முழுசாகக் கொடுத்துவிடுவதில்லை. அதன் வயிற்றில் பிறக்கிற குட்டியில் ஒரு பங்கை வைத்துக்கொண்டுதான் கொடுப்போம். வம்சம் தாய் வழியில் போகிறதல்லவா! அதனால் பெரியவர்கள் முன்னால் பேச்சு இப்படி முடிந்தது: ஹத்பாவுக்கு முதல் பெண்குட்டி பிறந்து பால் மறக்கிற சமயத்தில் உகாப் வருவார். தாயா, குட்டியா, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். மற்றது முத்லக்குக்கு.

அன்றிலிருந்து எங்கள் கூடாரம் மட்டும் தலைகீழாக நடந்தது. மற்ற இடங்களில் குதிரைக்கு ஆண்குட்டி பிறந்தால் இழவு வீடு மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் ஆண்குட்டி பிறந்ததும் இவர் ஆடு அறுத்தார். அடுத்ததும் ஆண், இன்னொரு ஆடு. மூன்றாவதும் ஆண். விருந்து சாப்பிட வந்தவர்கள் பழக்க தோஷத்தில், "அடுத்தது பெண்ணாப் பொறக்கட்டும்" என்று வாழ்த்துவார்கள். இவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! "உங்க வாயை வேற ஏதாவது நல்ல காரியத்துக்கு வச்சுக்குங்க" என்பார்.

நாலாவது, பெண்.

"நல்லாப் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன்."

"இன்னொரு தடவை பாரு."

"எத்தனை தடவை பாத்தாலும் பொண்ணுதாங்க. பாக்கப் பாக்க மாறுமா?"

ஈரம் காயாத குட்டி, அம்மாவின் அதே நெற்றி. நான் அள்ளிக் கொஞ்சினேன். இவர் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

குட்டி பால் மறந்ததும் இவர் தானே உகாப்புக்குச் சொல்லி அனுப்பினார். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை, அந்த அளவுக்கு நேர்மையான மனிதர். கெட்ட யோசனை அதற்கு மறுநாள்தான் வந்தது.

"ஹத்பாவைப் பாத்தா அவருக்கு ஆசை வராம இருக்கணும்" என்றார்.

"அவர் குட்டியைத்தானே எடுப்பாரு? சின்னது, இன்னும் எத்தனை வருஷம் இருக்கு."

"நீயா இருந்தா எதை எடுப்பே?"

நான் ஹத்பாவைப் பார்த்தேன். அவள் கூடாரத்துக்குள் தலையை நீட்டி, மாவுப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒரு சிக்கல். எங்கள் ஆண்கள் ஒட்டக விஷயத்தில் பொய் சொல்வார்கள். ஆட்டு விஷயத்தில் காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றும் சொல்வார்கள். தங்கள் வயதைப் பற்றி அவர்கள் சொல்வதை அவர்களைப் பெற்றவளே நம்ப மாட்டாள். ஆனால் பெண் குதிரையைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை. சொன்னதாகத் தெரிந்தால் அப்புறம் அவன் பேச்சை யாரும் சாட்சியாக எடுக்க மாட்டார்கள், அவன் மகளைப் பெண் கேட்டு யாரும் வர மாட்டார்கள். நல்ல குதிரையை 'நல்லா இல்ல' என்று சொல்ல இவர் நாக்கு எழாது.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். எதையும் சொல்ல மாட்டாராம், கேட்பாராம். கேள்வியாகக் கேட்டால் பொய் ஆகாதாம். "இவ்வளவு மூளையை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். அதுவும் கேள்விதானே.

உகாப் வருகிற அன்று ஹத்பாவின் பிடரி மயிரைச் சிக்காக்கி, முதுகில் சாம்பலைத் தடவி, முன்னங்காலில் ஒரு பழைய துணியைச் சுற்றி, கூடாரத்துக்குப் பின்னால் கட்டினார். அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக நின்று கொடுத்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

யாரோ ஒருவர் பிக்கப் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட, உகாப் வந்தார். மெலிந்த, உயரமான மனிதர். தோளில், குதிரைக்கு மாட்டுகிற ஒரே ஒரு தலைக்கயிறு. அதைத் தாய்க்குப் பெரிசாகவும் கட்டலாம், குட்டிக்குச் சிறிசாகவும் கட்டலாம். இவர் சலாம் சொல்லும்போதே அந்தக் கயிற்றைக் கண்ணால் அளந்தார். விருந்தாளியிடம் மூன்று நாள் வரைக்கும் வந்த காரியம் கேட்கக்கூடாது என்பதால் வாயால் அளக்க முடியவில்லை.

காபிகூடக் குடிக்காமல் உகாப் நேராகக் கூடாரத்தின் பின்பக்கம் போனார். ஹத்பா அவர் கையை முகர்ந்தாள், சட்டையை முகர்ந்தாள். பிறகு மூக்கை அவர் கழுத்தடியில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அவரும் அசையவில்லை. நான் தண்ணீர்க் குடத்தோடு வந்தவள், பார்க்கக்கூடாததைப் பார்த்த மாதிரி திரும்பிப் போனேன்.

இவர் பின்னாலேயே போய் ஆரம்பித்தார். "முன்னங்கால் கொஞ்சம் சாஞ்ச மாதிரி தெரியல உங்களுக்கு?"

"தெரியலையே."

"வயசும் ஆகுதில்ல?"

"யாருக்கு, உனக்கா?"

நான் தலைத்துணியை வாயில் வைத்துக்கொண்டேன்.

மதியம் பக்கத்துக் கூடாரத்து ஹம்தா ஓடி வந்தாள். "அண்ணே, எங்க ஒட்டகமெல்லாம் கருங்கல் வெளிக்குள்ள போயிடுச்சு. அந்தக் கல்லுல பிக்கப் போகாது. ஹத்பாவைக் குடுங்க, என் தம்பி மினாவர் போய் ஓட்டிட்டு வந்துடுவான்."

இவர் உகாப்பைப் பார்த்தார். ஹம்தாவைப் பார்த்தார். "அவளுக்குக் கால்ல..." என்று ஆரம்பித்தவருக்கு மேலே போக வழியில்லை. "கால்ல துணி கட்டியிருக்கு" என்று முடித்தார்.

"அவுத்துடுங்க" என்றாள் ஹம்தா.

அவிழ்த்தார். சாயங்காலம் ஹத்பா ஒட்டகங்களை முன்னால் விட்டு, சிதறப் பார்த்தவற்றைத் தானே வளைத்து மடக்கிக்கொண்டு வந்தாள். அத்தனை கல்லில் போய் வந்தவளுக்குக் குளம்பில் ஒரு கீறல் இல்லை. இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, போதும் என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். "சரியாக்கூடத் தண்ணி குடிக்கல பாத்தீங்களா?" என்று உகாப்பிடம் கேட்டார் இவர்.

"அந்த வம்சமே அப்படித்தான். தாகத்தைக் காட்டிக்காது" என்றார் உகாப்.

மறுநாள் காலையில் அதே மினாவரின் வண்டி ஓடைச் சேற்றில் இறங்கிவிட்டது. சொல்லி வைத்த மாதிரி எங்கள் வாசலுக்குத்தான் வந்தான். மார்பில் கயிற்றைக் கட்டியதும் ஹத்பா ஒரு தடவை திரும்பி வண்டியைப் பார்த்தாள். எடுத்த எடுப்பில் பாயாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்து இழுத்தாள். பின்னால் நாலு பேர் தள்ளினார்கள், மூன்று பேர் கத்தினார்கள். வண்டி வந்தது. இவர் எங்கேயோ வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்குப் பார்த்து எங்கள் கூடாரங்களில் ஒரு கல்யாணம் வேறு. வண்டியில் ஏறினால் வாந்தி வருகிறது, ஹத்பா மேல்தான் வருவேன் என்று மணப்பெண் அடம். ஹத்பாவைக் கழுவி, பிடரியில் சிவப்புக் குஞ்சலம் கட்டி நான்தான் கூட்டிப்போனேன். காதுக்குப் பக்கத்தில் துப்பாக்கி வெடிக்கிறது, தம்பட்டம் அடிக்கிறார்கள், வாலைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் நடக்கின்றன. காலையில் சேற்றில் நின்று இழுத்தவள் இவள்தானா என்று கேட்கும்படி ஒய்யாரமாக நடந்தாள். குலவை போட்டவர்களில் பாதிப் பேர் மணப்பெண்ணைப் பார்க்கவே இல்லை.

விருந்து முடிந்து இளவட்டங்கள் குதிரை விட்டார்கள். மினாவர் கேட்காமலே ஹத்பா மேல் ஏறிவிட்டான். முதலில் கூட்டத்தோடு போனாள். பாதி தூரம் தாண்டியதும் கழுத்து நீண்டது, வால் மேலே போனது, மற்றக் குதிரைகள் நின்றுவிட்ட மாதிரி தோன்றியது. "அப்படித்தான்டி என் ராசாத்தி!" என்று ஒரு குரல் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. கத்தியவர் என் வீட்டுக்காரர். கத்திய பிறகுதான் உகாப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. தலைத்துணியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்.

உகாப் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஹத்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் பெரியவர்கள் எங்கள் கூடாரத்துக்கு வந்தார்கள். ஹத்பாவும் குட்டியும் முன்னால் கட்டியிருந்தன. இவர் அந்தப் பழைய துணியை மறுபடியும் காலில் சுற்றியிருந்தார். யார் தேர்ந்தெடுத்தாலும், எடுத்ததன் கயிற்றைக் கையில் பிடித்துச் சொன்னால்தான் கணக்கு. உகாப் கயிற்றைத் தொடாமல் பேச ஆரம்பித்தார்.

"குட்டி நல்ல குட்டி. யார் வீட்லயும் நல்லா வளரும். நான் தாயைத்தான் யோசிக்கிறேன். முத்லக் மூணு நாளா அவ காலைப் பத்தியும் வயசைப் பத்தியும் கேட்டுக்கிட்டே இருக்கான். மனசுல கவலை இல்லாமலா கேப்பான்? ஊர்ல ஆளாளுக்கு அவளை இழுத்துட்டுப் போறாங்க. பாவம். என் கூடாரத்துல பொறந்தவ. கடைசிக் காலத்துல சும்மா நின்னு ஒட்டகப்பால் குடிச்சுட்டுக் கெடக்கட்டும். நானே கூட்டிட்டுப் போலாம்னு பாக்கறேன்."

இவர் துள்ளி எழுந்தார். "யாருக்குக் கடைசிக் காலம்? காலுக்கு என்ன? அது வெறும் துணி!" துணியைப் பிடுங்கி எறிந்தார். "நேத்து சேத்துல வண்டியை இழுத்தாளே, அப்ப ஒரு தடவையாவது மூச்சு வாங்கினாளா? அந்தக் கையோட போய்ப் பொண்ணைச் சுமந்து, அதுக்கப்புறம் பந்தயத்துல ஜெயிச்சாளே! கல்லுல போவா, மணல்ல போவா, வெள்ளத்துல போவா. நாலு பேரீச்சம்பழம் போட்டா மறுநாள் வரைக்கும் ஓடுவா. ராத்திரி கூடாரத்துக்குள்ள படுத்திருப்பா, பக்கத்துல கொழந்தை உருண்டு போனா காலை இழுத்துக்குவா. பாவமாம்! அவளைப் பாத்து யாரும் பாவம்னு சொல்லக்கூடாது!"

"அப்படியா?" என்றார் உகாப். "அவ்வளவு நல்லா இருக்காளா? அப்படின்னா கண்டிப்பா அவளேதான்."

பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். இவர் திறந்த வாயோடு நின்றார். நொண்டி என்றால் இரக்கப்பட்டுக் கொண்டுபோவார், நல்லவள் என்றால் ஆசைப்பட்டுக் கொண்டுபோவார். இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது. மூன்று நாளாக அவர் கஷ்டப்பட்டுத் தோண்டிய பள்ளம் அது.

உகாப் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அவன் ஏறுறவன். தீனி வைக்கிறவ நீ. நீ சொல்லு, எதை எடுத்துக்கட்டும்?"

இவர் என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. ஹத்பா போய்விட்டால் நான் மாவு பிசையும்போது யார் வந்து எட்டிப் பார்ப்பார்கள்? ஆனாலும் அவளைப் பற்றி என்னாலும் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

"ஹத்பாதான் அண்ணே உசத்தி" என்றேன். "நானா இருந்தா அவளைத்தான் எடுப்பேன். ஆனா கூட்டிட்டுப் போறதா இருந்தா இவரையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிடுங்க. இவர் இல்லாம அவ இருந்துக்குவா. அவ இல்லாம இவர் இருக்க மாட்டாரு. சும்மா உக்காந்திருக்கிற மனுஷனுக்கு நான் தீனி வைக்க முடியாது."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. உகாப் எழுந்தார். "ஒரு தடவை ஏறிப் பாத்துட்டு வரேன். அதுக்கு உரிமை உண்டில்ல?"

உண்டு என்றார்கள் பெரியவர்கள்.

சேணம் கிடையாது, கடிவாளம் கிடையாது. தலைக்கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த வயதில் ஒரே தாவலில் ஏறினார். ஹத்பா குட்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கனைத்தாள், அவ்வளவுதான். மேட்டைத் தாண்டி மறைந்துவிட்டார்கள்.

புழுதி அடங்கியது. "போயிட்டாரு" என்றார் இவர்.

"வருவாரு."

"வராட்டியும் கேக்க முடியாது தர்ஃபா. அவருக்கு உள்ளதுதானே." குரல் குழந்தையின் குரல் மாதிரி ஆகியிருந்தது. அந்த நேரத்தில் இவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அத்தனை ஆண்கள் முன்னால் கையைப் பிடித்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் போய் நின்றேன். குட்டி கயிற்றை இழுத்து இழுத்துக் கத்திக்கொண்டிருந்தது.

பிறகு மேட்டு மேல் தெரிந்தார்கள். அப்படி ஹத்பா ஓடி நான் பார்த்ததில்லை. நேற்றுப் பந்தயத்தில் ஓடியதெல்லாம் விளையாட்டு. உகாப்பின் தலைத்துணி எங்கேயோ விழுந்திருந்தது, நரைத்த முடி பறந்தது, அவள் கழுத்தோடு கழுத்தாகப் படுத்திருந்தார். எங்கள் முன்னால் வந்ததும் அவர் கயிற்றை இழுக்கக்கூட இல்லை. அவளே நின்றாள்.

இறங்கினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முகத்தை அவள் கழுத்தில் வைத்து நின்றார். பெரியவர் ஒருவர் இருமினார். அதற்கப்புறமும் நின்றார்.

திரும்பும்போது அவர் கண்ணும் கன்னமும் நனைந்திருந்தன. ஹத்பாவின் கயிற்றைக் கொண்டுவந்து முத்லக்கின் கையில் வைத்தார். போய்க் குட்டியின் கயிற்றைப் பிடித்தார். எல்லாருக்கும் கேட்கும்படி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"மந்தமாயிட்டா. மேடு ஏற முடியல, மூச்சு வாங்குது. எனக்கு இவ வேண்டாம். நான் குட்டியை எடுத்துக்கறேன்."

ஹத்பா காதை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. மூக்குத் துளை நிதானமாக இருந்தது. அங்கே இருந்த அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து குதிரையோடு படுத்து எழுந்தவர்கள், அத்தனை பேருக்கும் கண் இருந்தது. அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு, "கேட்டோம்" என்றார்கள். எனக்கு அந்த மனிதரின் காலில் விழலாம் போல இருந்தது.

இவர் ஒருத்தருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. கயிறு கையில் வந்ததுகூடத் தெரியாமல், "என்னது? மந்தமா? யாரைப் பாத்து..." என்று முகம் சிவக்க ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

தட்டில் இருந்த பேரீச்சம்பழத்தில் பெரிசாகப் பார்த்து எடுத்து, இவர் வாயில் திணித்தேன்.

"பேசாதீங்க" என்றேன். "மெல்லுங்க."

மென்றார். பாதி மெல்லும்போது புரிந்தது. கண் நிறைந்து வழிய, விழுங்கவும் முடியாமல், அப்படியே மென்றுகொண்டு நின்றார்.